அமெரிக்காவின் தாழ்நிலை அணுக்கழிவும் மாநிலங்களின் வட்டார ஒப்பந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கழிவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எரிந்து முடிந்த யுரேனியக் கோல்கள்தான். கையுறை, துடைப்பத் துணி, ஊசி, வடிகட்டி என்று அன்றாடம் சேர்கிற சாதாரணக் கழிவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தக் கழிவை எங்கே புதைப்பது என்ற கேள்விக்கு விடை காண, அமெரிக்க மாநிலங்கள் 1980களில் வட்டாரம் வட்டாரமாகக் கூட்டுச் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தச் சுமை சில ஊர்களின் தலையில்தான் இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதை, பலரும் கேட்கும் கேள்விகளை வைத்தே இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

தாழ்நிலைக் கழிவு என்றால் என்ன?

அமெரிக்கச் சட்டம் இதற்கு நேரான விளக்கம் தருவதில்லை. ‘இதெல்லாம் இல்லாதது’ என்றுதான் சொல்கிறது. எரிந்து முடிந்த அணு எரிபொருள், அதை மறுசுழற்சி செய்யும்போது வரும் உயர்நிலைக் கழிவு, யுரேனியச் சுரங்கச் சக்கை ஆகியவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது தாழ்நிலைக் கழிவு. அதனால் ஒரே பெயருக்குள் ரொம்ப வித்தியாசமான பொருள்கள் அடங்கிவிடுகின்றன. ஆய்வகத்தில் ஒருமுறை மாட்டிக் கழற்றிய ரப்பர் கையுறையும் தாழ்நிலைக் கழிவுதான். அணு உலையின் நீரைச் சுத்தம் செய்து செய்து கதிரியக்கம் ஏறிப்போன ரெசின் மணிகளும் தாழ்நிலைக் கழிவுதான். கையுறையைக் கையில் எடுத்துவிடலாம். அந்த ரெசினைத் தடித்த கவசம் இல்லாமல் நெருங்கக்கூட முடியாது.

‘தாழ்நிலை’ என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பெயரே பல ஊர்களில் சண்டைக்குக் காரணமாக இருந்திருக்கிறது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் இதை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ வகுப்பு ஏறக்குறைய 100 ஆண்டுகளில் தீங்கில்லாத அளவுக்கு இறங்கிவிடும் என்பது கணக்கு. பி வகுப்புக்கு 300 ஆண்டு, சி வகுப்புக்கு 500 ஆண்டு. கன அளவில் பார்த்தால் பெரும்பகுதி ஏ வகுப்புதான். ஆனால் கதிரியக்கத்தில் பெரும்பகுதி கொஞ்சமாக இருக்கிற பி, சி வகுப்புகளில் அடைந்து கிடக்கிறது. ஆக, எத்தனை டிரம் என்பதை மட்டும் கேட்டால் போதாது, எந்த வகுப்பு என்றும் கேட்க வேண்டும்.

சி வகுப்பையும் தாண்டிய ஒரு பிரிவு உண்டு. அது மாநிலங்களின் பொறுப்பில் வராது, மத்திய அரசுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக் கழிவும் இதில் வருமா?

வரும். ஆனால் அதில் நிறைய புதைகுழி வரைக்கும் போவதே இல்லை. ஸ்கேனுக்காக உடம்பில் ஏற்றும் டெக்னீசியம்-99எம் என்ற பொருளின் அரை ஆயுட்காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி. ஊசியையும் பஞ்சையும் ஈயத் தகடு பதித்த பெட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, கதவைப் பூட்டிவிடுவார்கள். பத்து அரை ஆயுட்காலம், அதாவது 60 மணி நேரம் கடந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பிறகு கருவியை வைத்து அளந்து பார்த்து, கதிரியக்கச் சின்னத்தைக் கிழித்துவிட்டு, மற்ற மருத்துவக் கழிவோடு சேர்த்துவிடுவார்கள். தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131க்கு அரை ஆயுட்காலம் 8 நாள், அதனால் 80 நாள் காத்திருக்க வேண்டும். சீசியம்-137 போன்றவற்றுக்கு அது 30 ஆண்டு. அங்கே காத்திருப்பது என்பதெல்லாம் நடக்காத காரியம், புதைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, மாநிலங்கள் ஏன் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது?

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வணிக ரீதியாக ஆறு புதைகுழித் தலங்கள் இயங்கின. பள்ளம் தோண்டி, டிரம்களைத் தள்ளி, மண்ணைப் போட்டு மூடுவது. அவ்வளவுதான் அன்றைய முறை. மழை அதிகம் பெய்யும் கிழக்குப் பகுதியில் இதன் பலன் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நியூயார்க்கின் வெஸ்ட் வேலியில் பள்ளங்கள் நீர் நிரம்பிக் கசிந்து 1975-இல் வேலை நின்றது. கென்டக்கியின் மேக்ஸி ஃபிளாட்ஸ் 1977-இல் மூடப்பட்டது. இல்லினாயின் ஷெஃபீல்டு 1978-இல் நின்றது.

மிஞ்சியவை மூன்று. தென் கரோலினாவில் பார்ன்வெல், நெவாடாவில் பீட்டி, வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு அணு வளாகத்துக்குள் இருக்கும் ரிச்லாண்ட். மொத்த நாட்டின் கழிவும் இந்த மூன்று ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலும் பெரும்பங்கு பார்ன்வெல்லுக்கு. ஒழுகும் டிரம்களும் சரியாகக் கட்டப்படாத லாரிச் சுமைகளும் வந்து இறங்கின. பீட்டியில் இன்னொரு கூத்தும் நடந்தது. புதைக்க வந்த கருவிகளையும் சாமான்களையும் ஊழியர்கள் எடுத்து வீட்டுக்கும் ஊருக்கும் கொண்டுபோயிருந்தது 1976-இல் தெரியவந்தது.

அப்புறம் 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து. அந்த உலையின் கழிவை ஏற்க மாட்டோம் என்று தென் கரோலினா ஆளுநர் ரிச்சர்ட் ரைலி சொல்லிவிட்டார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல.) அதே ஆண்டில் நெவாடாவும் வாஷிங்டனும் தங்கள் வாசலைத் தற்காலிகமாகச் சாத்தின. பார்ன்வெல்லுக்கு வரும் அளவைப் பாதியாகக் குறைக்கப் போவதாக ரைலி அறிவித்தார். மூன்று மாநிலங்கள் கதவைச் சாத்தினால் நாடு முழுக்க மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் திண்டாட வேண்டும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த மூன்று மாநிலங்களும் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. ஐம்பது மாநிலத்துக் கழிவை மூன்று மாநிலம் ஏன் சுமக்க வேண்டும்?

‘வெளிமாநிலக் கழிவு வேண்டாம்’ என்று ஒரு மாநிலம் தானாகவே சட்டம் போட்டுவிட முடியாதா?

முடியாது. வாஷிங்டன் மக்கள் முயன்று பார்த்தார்கள். 1980 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பில் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுக்கும் அதிகாரம் ஒரு மாநிலத்துக்கு இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அங்கே குப்பையும் சட்டத்தின் கண்ணில் சரக்குதான்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் இந்தத் தடை விலகும். வட்டார ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுதான். இரண்டு மூன்று மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு, காங்கிரஸின் ஒப்புதலையும் வாங்கிவிட்டால், வெளியாள் கழிவை வாசலிலேயே நிறுத்தும் உரிமை கிடைக்கும். 1980 டிசம்பரில் வந்த தாழ்நிலைக் கதிரியக்கக் கழிவுக் கொள்கைச் சட்டம் இதைத்தான் செய்தது. அவரவர் எல்லைக்குள் உண்டாகும் வணிகக் கழிவுக்கு அவரவரே பொறுப்பு, கூட்டாகச் செய்தால் நல்லது, கூட்டாகச் செய்பவர்கள் 1986 முதல் மற்றவர்களைத் தடுக்கலாம் என்று அது சொன்னது.

ஒப்பந்தத்துக்குள் பொதுவாக என்ன இருக்கும்?

உறுப்பு மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஆணையம் அமைக்கும். எந்த மாநிலம் புதைகுழிக்கு இடம் கொடுக்கும், எவ்வளவு காலத்துக்கு, அடுத்த முறை யார், பாதியில் விலகினால் என்ன தண்டனை, வெளிக் கழிவை ஏற்பதா, உள்ளே உண்டான கழிவை வெளியே அனுப்பலாமா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். உரிமம் கொடுப்பதும் பாதுகாப்பு பார்ப்பதும் ஆணையத்தின் வேலை இல்லை. அதை அணு ஒழுங்குமுறை ஆணையமோ, அதனிடம் அதிகாரம் பெற்ற மாநில அரசோ செய்யும்.

மொத்தம் எத்தனை ஒப்பந்தங்கள்?

பத்து. காங்கிரஸ் ஏழுக்கு ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்தது, அப்பலாச்சியன், தென்மேற்கு ஒப்பந்தங்களுக்கு 1988-இல், டெக்சாஸ் ஒப்பந்தத்துக்கு 1998-இல். வடமேற்கு ஒப்பந்தத்தில் அலாஸ்காவும் ஹவாயும் உட்பட எட்டு மாநிலங்கள். டெக்சாஸ் ஒப்பந்தத்தில் இப்போது டெக்சாஸும் வெர்மான்ட்டும் மட்டும். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே அரை நாடு கிடக்கிறது. ‘வட்டாரம்’ என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை. நியூயார்க், மாசசூசெட்ஸ், மிச்சிகன், வட கரோலினா, நெப்ராஸ்கா, மெய்ன் போன்றவை எதிலும் சேராமல் நிற்கின்றன. இவற்றில் சில முன்பு உள்ளே இருந்து வெளியே வந்தவை. மிச்சிகனை அதன் கூட்டாளிகளே 1991-இல் வெளியேற்றினார்கள்.

கெடு எதுவும் வைக்கவில்லையா?

வைத்தார்கள். 1985 வந்தபோது புதிதாக ஒரு பள்ளம்கூடத் தோண்டப்படவில்லை. அதனால் சட்டத்தைத் திருத்தி 1992 இறுதி வரை நீட்டித்தார்கள். அதுவரை பழைய மூன்று தலங்களும் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் வெளியார் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் கன அடிக்கு 10 டாலர், பிறகு 20, கடைசியில் 40. கடைசி ஆயுதம் ஒன்றும் இருந்தது. 1996-க்குள் ஏற்பாடு செய்யாத மாநிலம், தன் எல்லைக்குள் உண்டாகும் கழிவு முழுவதற்கும் தானே சொந்தக்காரராகி, அதனால் வரும் நட்டத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

1992 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதைப் பற்றியது?

அந்தக் கடைசி ஆயுதத்தைப் பற்றியது. நியூயார்க் மாநிலமும், புதைகுழிக்காகப் பார்க்கப்பட்ட அலெகனி, கார்ட்லண்ட் என்ற இரண்டு மாவட்டங்களும் வழக்குப் போட்டன. நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதிய தீர்ப்பு, கட்டணத்தையும் வாசலைச் சாத்தும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. கழிவுக்குச் சொந்தக்காரராக வேண்டும் என்ற பிரிவை மட்டும் 6-க்கு 3 என்ற கணக்கில் நீக்கியது. மத்திய அரசு மாநிலச் சட்டமன்றத்தைப் பிடித்து ‘இந்தச் சட்டத்தைப் போடு’ என்று கட்டளையிட முடியாது என்பது காரணம். கூட்டாட்சி பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். கழிவு விஷயத்தில் விளைவு எளிமையானது: கட்டாயம் போய்விட்டது. ‘நீ கட்டு, நான் அனுப்புகிறேன்’ என்று ஒவ்வொரு மாநிலமும் அடுத்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இடம் தேடிய ஊர்களில் என்ன நடந்தது?

நியூயார்க்கின் அலெகனி மாவட்டம் ஏழை விவசாயப் பகுதி. 1989-இல் அங்கே மூன்று இடங்களைக் குறித்தார்கள். நிலத்தை அளக்க அதிகாரிகள் வரும்போதெல்லாம் ஊரே சாலையில் கைகோத்து நின்றது. 1990 ஏப்ரல் 5 அன்று கேனடியா என்ற ஊரில் ஜெனசி ஆற்றுப் பாலத்தின் குறுக்கே, தாத்தா பாட்டி வயதுக்காரர்கள் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாழ்க்கையில் அதுவரை ஒரு சட்டத்தையும் மீறியிருக்காத மனிதர்கள். போலீஸ் சங்கிலியை வெட்டி அவர்களைக் கைது செய்தது. சில நாளில் ஆளுநர் மரியோ குவோமோ நில ஆய்வை நிறுத்தச் சொன்னார். அது திரும்ப ஆரம்பிக்கவே இல்லை.

கலிஃபோர்னியாவில் தென்மேற்கு ஒப்பந்தத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் மொஹாவி பாலைவனத்தில் வார்டு வேலி. மழை குறைவு, ஆள் நடமாட்டம் இல்லை என்பது கணக்கு. ஆனால் அது ஐந்து பழங்குடிகளுக்குப் புனித மண், அருகிவரும் பாலைவன ஆமைக்கு வீடு, கொலராடோ ஆறும் தொலைவில் இல்லை. ‘வறண்ட நிலத்தில் எதுவும் நகராது’ என்ற வாதம், பீட்டியின் பள்ளத்துக்கு வெளியே மண்ணில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கண்டுபிடிக்கப்பட்டபோது ஆட்டம் கண்டது. 1998-இல் பழங்குடியினரும் ஆதரவாளர்களும் அந்த இடத்தில் 113 நாள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அடுத்த ஆண்டு மத்திய அரசு திட்டத்தைக் கைவிட்டது.

டெக்சாஸில் சியர்ரா பிளாங்கா என்ற சின்ன ஊர், மெக்சிகோ எல்லையிலிருந்து ஏறக்குறைய 16 மைல். ஊரில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் ஏழைகள். நியூயார்க் நகரத்துச் சாக்கடைக் கசடு ஏற்கெனவே அங்கேதான் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. மெக்சிகோவும் எதிர்த்தது. 1998 அக்டோபரில் மாநிலமே உரிமத்தை மறுத்தது.

நெப்ராஸ்காவில் பாய்டு கவுண்டி (கவுண்டி என்பது மாவட்டம்). சின்ன ஊர்கள் இரண்டுபட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளாத நிலை வந்தது. 1998 டிசம்பரில் மாநிலம் உரிமத்தை மறுத்தது. கூட்டாளி மாநிலங்களின் ஆணையம் வழக்குப் போட்டது. நெப்ராஸ்கா நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க, கடைசியில் மாநிலம் 141 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

ஊர்க்காரர்கள் பிடிவாதக்காரர்கள், அறிவியல் தெரியாதவர்கள் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மேக்ஸி ஃபிளாட்ஸும் வெஸ்ட் வேலியும் கண்முன் இருந்தன. ‘பத்திரமாக இருக்கும்’ என்ற வாக்குறுதி ஏற்கெனவே பொய்த்துப்போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த இடங்களில் வசதியானவர்களின் ஊர் ஒன்றுகூட ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை.

பணம் எவ்வளவு செலவானது?

1999 வாக்கில் மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 600 மில்லியன் டாலர் செலவழித்திருந்தன. அதற்குப் பலனாக ஒரு தலம்கூடத் திறக்கவில்லை. வட கரோலினா மட்டும் தன் கூட்டாளிகளிடமிருந்து சுமார் 80 மில்லியன் வாங்கி, உரிமமே பெறாமல், 1999-இல் தென்கிழக்கு ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தில் பண அபராதம் விதிக்கும் அதிகாரம் எழுதப்படவில்லை என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. ஒரு வரி விட்டுப்போனதற்கு அவ்வளவு விலை.

பார்ன்வெல் என்ன ஆனது?

பீட்டி 1992 இறுதியில் மூடியது. ரிச்லாண்ட் வடமேற்கு, ராக்கி மலை ஒப்பந்த மாநிலங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. வட கரோலினா இழுத்தடித்ததில் பொறுமை இழந்த தென் கரோலினா 1995-இல் தென்கிழக்கு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறி, வட கரோலினாவைத் தவிர எல்லோருக்கும் கதவைத் திறந்தது. பிறகு 2000-இல் கனெக்டிகட், நியூ ஜெர்சியின் ஒப்பந்தத்தில் சேர்ந்து (அதற்கு அட்லாண்டிக் ஒப்பந்தம் என்று பெயர் வந்தது), 2008 ஜூலை முதல் மற்றவர்களுக்கு மூடிவிட்டது. அன்று 36 மாநிலங்களில் பி, சி வகுப்புக் கழிவுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அணுமின் நிலையங்கள் ரெசினைத் தங்கள் வளாகத்திலேயே அடுக்கிவைத்தன. ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் பழைய கதிரியக்க மூலங்களைப் பூட்டிய அறைகளில் வைத்துக் காவல் காத்தன.

ஆக, புதிதாக ஒரு தலம்கூடத் திறக்கவில்லையா?

ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றே ஒன்று. டெக்சாஸின் ஆண்ட்ரூஸ் கவுண்டியில், நியூ மெக்சிகோ எல்லையோரம். வேஸ்ட் கன்ட்ரோல் ஸ்பெஷலிஸ்ட்ஸ் என்ற தனியார் நிறுவனம் நடத்துவது, 2012-இல் திறந்தது. சிவந்த களிமண் படுகையில் ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் பெட்டிக்குள் டிரம்களை இறக்குகிறார்கள். பழைய மண் பள்ளங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஏ, பி, சி மூன்றும் போகலாம். எண்ணெய் நம்பி வாழும் அந்தக் கவுண்டியில் 2009-இல் நிறுவனத்துக்கு உதவ 75 மில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 642, எதிர்ப்பு 639. மூன்று ஓட்டு.

2011-இல் டெக்சாஸ் சட்டமன்றம், ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள மாநிலங்களின் கழிவையும் கூடுதல் கட்டணத்தோடு ஏற்கலாம் என்று அனுமதித்தது. ஆக, வெளியாரைத் தடுக்கப் பிறந்த ஒப்பந்தம், வெளியாரின் பணத்தில் நடக்கத் தொடங்கியது.

யூட்டாவில் ஒரு பெரிய தலம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம், சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே பாலைவனத்தில் கிளைவ். எனர்ஜி சொல்யூஷன்ஸ் நிறுவனத்துடையது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏ வகுப்புக் கழிவு அங்கே போகிறது. பி, சி வகுப்பை யூட்டா 2005-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இத்தாலியின் மூடிய அணு உலைகளிலிருந்து கழிவைக் கப்பலில் கொண்டுவர அந்த நிறுவனம் முயன்றபோது, யூட்டா உறுப்பாக இருக்கும் வடமேற்கு ஒப்பந்தத்தின் ஆணையம் மறுத்தது. ‘இது தனியார் தலம், உங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று நிறுவனம் வாதாடியது. ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொன்னது. இத்தாலித் திட்டத்தை நிறுவனம் அதற்குள் கைவிட்டிருந்தது. ஒன்றைத் தவிர எதையும் கட்டாத இந்த ஒப்பந்தங்களால் ஒரு வாசலைக் காக்கவாவது முடிந்தது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

இந்தியாவில் இப்படி மாநில ஒப்பந்தம் உண்டா?

இல்லை. அணுசக்தி நம் அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்களுக்குள் பேச்சுவார்த்தை நடத்த இடமே இல்லை. கல்பாக்கம் போன்ற அணுமின் வளாகங்களிலேயே, தரைக்குச் சற்றுக் கீழே கான்கிரீட் அகழிகளில் தாழ்நிலைக் கழிவைப் புதைக்கிறார்கள்.

மூடிய தலங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நிலத்தின் சொந்தக்காரரான மாநிலமோ மத்திய அரசோ. மூடிய பிறகு 100 ஆண்டு வரை வேலி, காவல், நிலத்தடி நீர்ச் சோதனை எல்லாம் நடக்க வேண்டும் என்பது விதி.

பீட்டி மூடி 23 ஆண்டு ஆகியிருந்தது. 2015 அக்டோபரில் பாலைவனத்தில் கனமழை. பள்ளத்தின் மூடுமண் வழியாக நீர் இறங்கி, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த, துருப்பிடித்த டிரம்களில் இருந்த சோடியத்தைத் தொட்டது. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம் அது. அக்டோபர் 18 அன்று மண் வெடித்துக் கிளம்பியது, வெள்ளைப் புகை எழுந்தது, டிரம்கள் வெளியே வந்து விழுந்தன. நெடுஞ்சாலை 95-ஐ மூடினார்கள், பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அளந்து பார்த்ததில் கதிரியக்கம் வெளியே பரவியதாகத் தெரியவில்லை. பிறகு நெவாடா அரசு பள்ளத்தின் மூடியைப் பழுது பார்க்க ஆள் அனுப்பியது.